வெள்ளியை முக்கி எடுக்கக் கொடுக்காதீர்கள்

பாட்டி விட்டுப்போன வெள்ளிப் பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. மூடியில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு, நடுவில் ஒரு கிளி. பல வருடம் அலமாரியில் கிடந்து நன்றாகக் கறுத்துவிட்டது. போன மாதம் வாசலுக்கு வந்த ஒருவர், "பத்தே நிமிஷம்மா, புதுசாக்கித் தர்றேன்" என்றார். கூலியும் அதிகம் கேட்கவில்லை. சரி, கண் முன்னால்தானே செய்யப்போகிறார் என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குள் வேண்டாம், வெளியே வைத்துத்தான் செய்யவேண்டும் என்றார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் போன்ற திரவம் கொண்டுவந்திருந்தார். பெட்டியை அதில் முக்கியதும் நுரைத்தது. லேசாகச் செம்பழுப்புப் புகை கிளம்பி மூக்கை அரித்தது. சில நிமிடங்களில் பெட்டி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து வெளியே வந்தது. டப்பாவில் இருந்த நீர் நீலப்பச்சையாக மாறியிருந்தது. "அழுக்கெல்லாம் இறங்கிடுச்சு" என்றார். கறுப்பு அழுக்கு கரைந்தால் நீர் ஏன் நீலமாக வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "இதை இங்கே கொட்டினா தரை கெட்டுடும், நானே கொண்டுபோயிடறேன்" என்று அந்த நீரைப் பத்திரமாக மூடி எடுத்துப் போனார். நன்றி வேறு சொல்லி அனுப்பினேன்.

பெட்டிக்குள் தாத்தா கையெழுத்தில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கும்: 312 கிராம். சாயங்காலம் ஏதோ உறுத்தவே தராசில் வைத்தேன். 298. கறுப்புப் படலம் முழுவதையும் சுரண்டி எடுத்தாலும் ஒரு கிராம் தேறாது. நகைவேலை தெரிந்த ஒருவரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அது நைட்ரிக் அமிலம். வெள்ளியையே கரைக்கும். அந்த நீரில் செம்புத் துண்டைப் போட்டால் கரைந்த வெள்ளி திரும்பப் படிந்துவிடுமாம். நீலம் வந்ததற்குக் காரணம் வெள்ளியில் கலந்திருந்த செம்பு. 92.5 சதவீத வெள்ளி என்றால் மீதி பெரும்பாலும் செம்புதான்.

எடை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளியின் இறகுகளில் முடிபோல் மெல்லிய கோடுகள் இருந்தன. அந்தப் பள்ளங்களில் தங்கியிருந்த கறுப்புதான் கிளிக்கு உருவம் கொடுத்தது. இப்போது கோடுகளும் மழுங்கிவிட்டன, கறுப்பும் இல்லை. தடவிப் பார்த்தால்தான் அங்கே ஒரு கிளி இருப்பது தெரிகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு மேலே வெள்ளி சல்பைடு படிகிறது, அவ்வளவுதான். வேலைப்பாடில்லாத, கல் பதிக்காத, ஒட்டுவேலை இல்லாத பொருளென்றால் வீட்டிலேயே செய்துவிடலாம். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, பொருள் அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த கொதிநீரை ஊற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். கந்தகம் பிரிந்துபோய், சல்பைடிலிருந்த வெள்ளி வெள்ளியாகவே அங்கே தங்கிவிடும். சித்திரவேலை உள்ளதை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், பள்ளத்துக் கறுப்பும் போய்விடும். அதற்கு மிக மெல்லிய சுண்ணாம்புக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்து, மேடான இடங்களை மட்டும் மென்துணியால் தேயுங்கள். பற்பசை கீறிவிடும். முலாம் பூசியதை எதனாலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. பாட்டிலில் விற்கும் முக்கும் திரவங்களிலும் அமிலம் இருக்கும், ஊறவிட்டால் பரப்பில் குழி விழும்.

துடைத்து நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாலித்தீன் பையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கம்பளித் துணி, செய்தித்தாள், முக்கியமாக ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும், அது லேசில் போகாது.

வந்தவரின் விரல் நுனிகளும் நகக்கண்களும் கரி பூசியதுபோல் இருந்தன. உழைக்கிற கை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமிலத்தில் வெள்ளி கரைந்து உண்டாகும் வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சம் பட்டால் அப்படிக் கறுக்குமாம், சோப்புக்குப் போகாதாம். கறுத்த கை உள்ளவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் பொருளை முக்கி எடுத்த நீரைத் தானே எடுத்துப்போவதாக ஒருவர் சொன்னால், அந்த டப்பாவை நகரவிடாதீர்கள். முதலில் பொருளை எடை போடுங்கள்.