ராத்திரி இரண்டு மணிக்கு 14416

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில்தான் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பீதி, எனக்கு முதல்முறை வந்தது. அதுதான் இது என்று அப்போது தெரியாது. நெஞ்சு படபடத்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்றே நினைத்து ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இசிஜி நார்மல். கேஸ்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தடவை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தபோது 14416-க்கு, அதாவது டெலி மானஸுக்கு அழைத்தேன். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

எடுத்த அக்கா அவசரப்படவே இல்லை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார், பாதம் தரையில் படுகிறதா என்று கேட்டார், அந்த சிமெண்ட் தரையின் சில்லிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கிவிடும் என்றார். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

திரும்ப வந்துவிடுமோ என்று பயந்து பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன் என்றதும், இனி தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று அழுத்திச் சொன்னார். போனேன், இப்போது வாரம் ஒருமுறை கவுன்சிலிங்.

ஆனால் ஒன்று, புதிதாக நெஞ்சு வலி வந்தால் பேனிக்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், முதலில் 108.