அம்புக்குறியில் ஒரு சொல்: எண்ணக்கரு வரைபடத்தோடு மூன்று வருடம்

அக்கரைப்பற்றில் படிப்பிக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், நீ அந்த எண்ணக்கரு வரைபடம் போடுற தானே. புள்ளைகளுக்கு விளங்கியிருக்கா எண்டு அதில மெய்யாவே தெரியுமா?" வட்ஸ்அப்பில் "ஓம்" என்று மட்டும் போட்டேன். மிச்சப் பதில் இது.

எண்ணக்கரு வரைபடம் என்றால் வட்டத்துக்குள் ஒரு கருத்து (அதுதான் எண்ணக்கரு), இடையில் அம்புக்குறி, அதன்மேல் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று சொல்லும் இணைப்புச் சொல். செயலமர்வுக்குப் போன எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் வழக்கு முழுக்க அந்த இணைப்புச் சொல்லோடுதான். பிள்ளைகள் அதை எழுதவே மாட்டார்கள். ஐந்து நிறத்தில் வட்டம் போடுவார்கள், டிமைத் தாளின் மூலையில் பூ வரைவார்கள், கோடு வெறுங்கோடாய்க் கிடக்கும். ஒளி, பச்சையம், நடுவில் ஒரு கோடு. இது என்ன என்றால், "சம்பந்தம் இருக்கு சேர்." சம்பந்தம் இருக்கிறது எனக்கும் தெரியும் மனே, என்ன சம்பந்தம்?

அந்தச் சொல்லை எழுதவைத்த நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. படுவான்கரைப் பையன் ஒருவன், செடி ஒளியில் தன் உணவைத் தானே ஆக்கும் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதி முழுப்புள்ளி எடுத்தவன். அவனுடைய வரைபடத்தில் மண்ணிலிருந்து நெல்லுக்கு ஓர் அம்பு: "உணவு கொடுக்கும்". தகப்பன் வயல்காரர். யூரியா எறிந்துவிட்டு வந்து "பயிருக்குச் சாப்பாடு வெச்சாச்சு" என்று சொல்கிற வீட்டில் வேறு எதை எழுதுவான்? தேடிப் பார்த்தால் 38 பேரில் 11 பேரிடம் அதே அம்பு.

விஞ்ஞானி வான் ஹெல்மொன்ட் கதையைச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டு. தொட்டியில் வில்லோ மரம் வளர்த்து 5 வருடம் கழித்து நிறுத்தார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியிருந்தது, மண்ணின் நிறையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. (எல்லாம் தண்ணீரால் வந்தது என்று முடிவு கட்டினார் மனுசன். காபனீரொட்சைட்டை விட்டுவிட்டார். அவர் வரைந்திருந்தாலும் ஓர் அம்பு பிழைதான்.) உடனே அந்தப் பையன்: "அப்ப யூரியா என்னத்துக்கு சேர்?" அன்றைய பாடம் நைதரசனுக்கும் புரதத்துக்கும் போய்விட்டது. எந்த வினாத்தாளும் எனக்கு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து தந்ததில்லை.

சரி, இப்போது கோபம். 1972இல் அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் ஜோசப் நோவாக்கும் அவரோடு இருந்தவர்களும் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இதை உருவாக்கியது பிள்ளைகளிடம் எடுத்த நேர்காணல் குவியலைச் சுருக்கிப் பார்க்க. அது ஆராய்ச்சிக்காரரின் கருவி. எனக்கு 40 நிமிடப் பாடவேளை, 38 தாள், தாளுக்கு 12 அம்பு. ஒவ்வோர் அம்பும் ஒரு வசனம். இரவில் நுளம்புக்குள் இருந்து 456 வசனம் திருத்துகிறவன் நான். சரி பிழை போட்டுத் தள்ளவும் முடியாது, "உதவும்" என்று எழுதினால் அரைப்புள்ளியா, முழுசா?

கணிப்பீட்டுக்குப் புள்ளி உண்டு என்று சொன்ன தவணையில் முழுசாய்க் கெட்டது. ரியூசனில் யாரோ முடித்த வரைபடமாகவே கொடுத்திருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேரிடம் ஒரே படம், ஒரே இணைப்புச் சொல், ஒரே எழுத்துப்பிழை. பூ மட்டும் அவரவருடையது.

ஆகவே மச்சான், இந்தத் தவணை நான் செய்யவில்லை. டிமைத் தாள் ஒரு கட்டு மிச்சம் கிடக்கிறது. வேணுமெண்டால் வந்து எடு, புள்ளி போடுறேன் எண்டு மட்டும் வகுப்பில் சொல்லிப்போடாதே.