யூராலஜி தியேட்டர் ரிட்ராக்டர்கள்: ஸ்க்ரப் நர்ஸ் பக்கத்திலிருந்து

ஆபரேஷனில் திசுக்களையும் உறுப்புகளையும் விலக்கிப் பிடிக்கும் கருவிதான் ரிட்ராக்டர். புது ரிட்ராக்டர் செட் வாங்கலாமா என்று எல்லோரும் சர்ஜன்களிடம்தான் கேட்கிறார்கள். அதை மாட்டி, எண்ணி, கழுவி, ஆட்டோக்ளேவில் ஏற்றுகிற எங்களை யாரும் கேட்பதில்லை. யூராலஜி தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாகப் பல வருடம் நின்றவள் என்ற முறையில் என் கருத்து இது.

இடுப்புக்குழியில் முதல் சிக்கலே இடம்தான். முன்னால் பியூபிக் எலும்பு, இரண்டு பக்கமும் எலும்புச் சுவர், மேலிருந்து சரிந்துகொண்டே இருக்கும் குடல், ஆண்களுக்கு இன்னும் குறுகல். டீவர் என்ற கை ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிஜிக்கு (மேற்படிப்பு டாக்டருக்கு) நேரம் போகப்போகக் கை தளரும், "நல்லா இழுப்பா" என்று ஒரு குரல் வரும், அவர் திடுக்கிட்டு இழுப்பார். பால்ஃபோர் ரிட்ராக்டர் 1912-லேயே வந்துவிட்டது, யாரும் பிடிக்காமல் தானாக நிற்கும், ஆனால் அது விரிப்பது முக்கியமாக வயிற்றுச் சுவரை. அடியில் புராஸ்டேட் பக்கம் அதை நம்பிப் பயனில்லை.

எங்கள் வேலையை உண்மையில் மாற்றியது புக்வால்ட்டர் ரிட்ராக்டர். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருந்த ஜான் புக்வால்ட்டர் என்ற சர்ஜன் உருவாக்கியது. டேபிள் ஓரத்துக் கம்பியில், நோயாளியை மூடும் ஸ்டெரைல் துணியான டிரேப்புக்கு மேலேயே ஒரு கம்பத்தை இறுக்கி, அதில் வளையத்தை மாட்டி, வளையத்தைச் சுற்றி எந்த இடத்தில் வேண்டுமோ அங்கே பிளேடு போடலாம், ஒவ்வொன்றின் ஆழத்தையும் சாய்வையும் தனியாகச் சரிசெய்யலாம். சிறுநீர்ப்பையை முழுவதும் எடுக்கும் ரேடிகல் சிஸ்டெக்டமி மாதிரி நாள் முழுக்க நீளும் கேஸில் இதன் அருமை தெரியும். குறை என்றால் எடை, அப்புறம் உதிரி பாகங்கள். பிளேடை நகராமல் நிறுத்தும் பல் வைத்த ராட்செட் இடுக்கில் ரத்தம் காய்ந்துவிட்டால் அடுத்த கேஸில் அது அசையவே அசையாது, எல்லாவற்றையும் கழற்றி, பிரஷ் போட்டு, இன்ஸ்ட்ருமென்ட் ஆயில் விட்டால்தான் உண்டு. கம்பம் நோயாளியின் கையில் அழுந்துகிறதா என்றும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், கை டிரேப்புக்குக் கீழே இருப்பதால் யாருக்கும் தெரியாது.

இந்தத் தானாக நிற்கும் வகைகளிடம் எனக்கு இருக்கும் பெரிய பயம், அவற்றுக்குக் கை வலிக்காது என்பதுதான். பிஜியின் கை தளரும்போது திசுவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்துவிடும், இரும்பு வளையம் அந்த ஓய்வைத் தராது. பக்கவாட்டு பிளேடு நீளமாக இருந்து முதுகெலும்பை ஒட்டி இறங்கும் சோவாஸ் தசை மேல் உட்கார்ந்துவிட்டால் அடியில் போகும் ஃபெமோரல் நரம்பு நசுங்கும். மறுநாள் நோயாளி கட்டிலை விட்டு இறங்கும்போது முழங்கால் மடங்கிவிடும், தொடையின் முன்பக்கம் மரத்துப் போயிருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் கிட்னி பக்கம் ஆபரேஷன் என்று வந்தவருக்குக் கால் ஏன் போனது என்று வார்டில் யார் விளக்குவது? ஒல்லியானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால் நான் குட்டைப் பிளேடைத்தான் முதலில் நீட்டுவேன், அதற்கு அடியில் ஈரமான மாப் (துணிப் பேட்) வைப்பேன், கேஸ் நீண்டால் "சார், ஒரு தடவை தளர்த்தலாமா" என்று கேட்டுவிடுவேன். சிலர் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பெரினியம், அதாவது தொடைகளுக்கு நடுவே உள்ள பகுதிப் பக்கம் வந்தால் லோன் ஸ்டார் ரிட்ராக்டர். யூரெத்ரோபிளாஸ்டி (சிறுநீர்க்குழாய்ச் சீரமைப்பு), ஹைப்போஸ்பேடியஸ் (பிறவியிலேயே சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது), வஜைனல் சர்ஜரி எதுவானாலும் லேசான பிளாஸ்டிக் சட்டம், அதன் ஓரத்துப் பள்ளங்களில் மாட்டும் இலாஸ்டிக் கயிறுகள், நுனியில் கொக்கி. இழுவிசை மென்மையாக இருக்கும், கொக்கியை நொடியில் இடம் மாற்றலாம், உதவிக்கு ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் இது வரப்பிரசாதம். ஆனால் அந்த இலாஸ்டிக் ஒருமுறைக்கானது. இங்கே பல இடங்களில் ஈடிஓ (எத்திலீன் ஆக்ஸைடு வாயு) போட்டு ஸ்டெரைல் செய்து மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள், நான் வேலை பார்த்த ஒரு இடத்திலும் அப்படித்தான், ரப்பர் சோர்ந்து பாதி ஆபரேஷனில் கொக்கி நழுவும். கூர் கொக்கி கிளவுஸைக் குத்தும், ஊசியை எண்ணுவது போலவே இதையும் எண்ணித்தான் தர வேண்டும், எண்ணித்தான் வாங்க வேண்டும்.

அலெக்ஸிஸ் என்பது இரண்டு வளையங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை வைத்த ரிட்ராக்டர். நல்ல பொருள், காயத்தின் ஓரம் காயாமல், அழுக்குப் படாமல் இருக்கும். உள் வளையத்தைச் சுற்றி விரல் விட்டுக் குடல் மாட்டவில்லை என்று பார்த்துவிட வேண்டும். ஆழத்தில் குடலை ஒதுக்கித் தராது, அந்த எதிர்பார்ப்பில் வாங்காதீர்கள். எல்இடி வைத்த பிளேடுகள் எனக்குப் பிடிக்கும், பியூபிக் எலும்புக்குப் பின்னால் தியேட்டர் விளக்கின் ஒளி விழுவதற்குள் சர்ஜன் தலை நடுவில் வந்துவிடுகிறதே! பழைய ஃபைபர் கேபிளின் நுனி டிரேப்பையே கருக்கிவிடும், அந்தத் தொல்லை இதில் குறைவு.

ரோபோட் வந்தால் இதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். அங்கேயும் நான்காவது கை ரிட்ராக்டர் வேலைதான் பார்க்கிறது, குடலை ஒதுக்குவது தலைகீழாகச் சாய்த்த டேபிளும் வயிற்றில் ஏற்றிய வாயுவும். வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பனாக மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பழைய ட்ரேயைத்தான் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும், அது ஸ்டெரைலாகத் தயாராக இருக்கிறதா என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கம்பெனிக்காரர் டெமோ காட்டும்போது அவரையே மாட்ட விடாதீர்கள். நைட் டியூட்டி ஸ்டாஃபைக் கூப்பிட்டு, ஸ்டெரைல் கிளவுஸ் போட்ட கையோடு மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். ராட்செட்டும் திருகும் தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.