ஸ்டீம் டெக்கில் வியூக ஆட்டங்கள்: தூங்கவைத்து எழுப்பினால் நினைவிருக்கிறதா?

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேமிங் கணினியை வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பெரிய ஆட்டங்கள் அதில் நொடிக்கு எத்தனை ஃபிரேமில் (படச்சட்டங்களில்) ஓடும் என்பதைத்தான். அதற்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை. நான் அதில் ஆடுவது ஏறக்குறைய எல்லாமே டர்ன் பேஸ்டு வியூக ஆட்டங்கள். நான் ஒரு முறை, எதிரி ஒரு முறை. நான் யோசித்து முடிக்கும்வரை எதிரிப் படை அப்படியே நிற்கும். அங்கே 30 ஃபிரேமுக்கும் 60 ஃபிரேமுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இத்தனை நாள் ஆடியதில் எனக்கு முக்கியமாகிப்போன கேள்வி வேறு. பவர் பட்டனை அழுத்தித் தூங்கவைத்த ஆட்டத்தை நாலைந்து நாள் கழித்து எழுப்பினால், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரியுமா?

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. என்னுடையது 2022இல் வந்த எல்சிடி மாடல். 7 அங்குலத் திரை, 1280×800 பிக்சல், எடை 669 கிராம். இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லாததால் இறக்குமதி செய்து விற்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன், பழுதானால் நம் பாடு என்று தெரிந்தேதான். ஆட்டங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாய் விலையே இருக்கிறது, தள்ளுபடிக் காலத்தில் பழைய வியூக ஆட்டங்கள் ரொம்ப மலிவாகக் கிடைக்கும்.

என்னைப் போன்றவர்களுக்கு ஆடக் கிடைக்கும் நேரமே துண்டு துண்டாகத்தான். மின்சார ரயிலில் கொஞ்சம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், எல்லோரும் தூங்கிய பிறகு கொஞ்சம். நடுவில் யாராவது கூப்பிட்டால் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போகலாம். வெட்டுக்குத்து ஆட்டங்களிலும் இதே வசதி உண்டுதான். ஆனால் அங்கே எழுப்பிய மறுநொடியே, விரல்கள் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, ஆள் காலியாகியிருப்பான். டர்ன் பேஸ்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் கை மறக்காவிட்டாலும் தலை மறந்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது 'இன்டு த பிரீச்'. சப்செட் கேம்ஸ் 2018இல் வெளியிட்டது. மொத்தக் களமும் எட்டுக்கு எட்டுக் கட்டம், நம் பக்கம் மூன்றே மூன்று இயந்திரங்கள். எதிர்ப்பக்கம் பூமிக்கடியிலிருந்து முளைக்கும் பூச்சிக் கூட்டம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளை வைத்து ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். பெரிய வித்தியாசம், இங்கே ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எந்தக் கட்டத்தை அடிக்கப்போகிறது என்பதை நம் முறைக்கு முன்பே காட்டிவிடும். எதிரியின் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் வேலையே இல்லை. அதைக் கொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு கட்டம் தள்ளிவிட்டால் போதும். கட்டடத்தின் மேல் விழ வேண்டிய அடி பக்கத்துப் பூச்சியின் மேல் விழும். கட்டடங்கள் அடிபட்டால் மின்தொகுப்பின் அளவு குறையும், அது பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது. அப்போதும் ஒரே ஒரு பைலட்டை மட்டும் அடுத்த காலக்கோட்டுக்கு, அதாவது புதிதாகத் தொடங்கும் ஆட்டத்துக்கு, அனுப்பிவைக்கலாம்.

கையடக்கக் கருவிக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? எல்லாத் தகவலும் திரையிலேயே இருக்கிறது. ஒரு சண்டை பெரும்பாலும் நான்கைந்து முறைகளில் முடிந்துவிடும். பாதியில் தூங்கவைத்து ஒரு வாரம் கழித்து எழுப்பினாலும், எந்தப் பூச்சி எதைக் குறிவைத்திருக்கிறது என்று அரை நிமிடம் பார்த்தால் போதும், முழுச் சிக்கலும் கைக்கு வந்துவிடும். சொல்லப்போனால், விட்டுவிட்டு வந்து பார்க்கும்போது முன்பு தெரியாத தீர்வு தெரிவதும் உண்டு. 2022இல் வந்த இலவச அப்டேட்டில் புதிய படைகளும் பூச்சிகளும் சேர்ந்தன, அதனால் இன்னும் சலிக்கவில்லை.

இன்னொரு வசதியும் சொல்ல வேண்டும். டெக்கின் வலது பக்கச் சிறு டச்பேடை மவுஸாக வைத்துக்கொண்டால் இந்த ஆட்டத்தை வலது கையாலேயே முழுக்க ஆடலாம். கருவியை மடியில் வைத்துக்கொண்டால் இடது கையில் டீ டம்ளர் இருக்கலாம், தூங்கும் குழந்தையின் தலைகூட இருக்கலாம். எந்த விமர்சனத்திலும் இதற்கு மதிப்பெண் போட்டு நான் பார்த்ததில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் என்னிடம் இல்லை. அக்கா மகனிடம் இருக்கிறது, அவன் விடுமுறைக்கு வந்தால் அது என் கைக்கு வந்துவிடும். அதில் 'ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ்', 'அட்வான்ஸ் வார்ஸ் 1+2' இரண்டும் ஆடியிருக்கிறேன். அட்வான்ஸ் வார்ஸ் முதலில் 2001இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது. அந்தக் கருவியின் திரை வெறும் 240×160 பிக்சல். அவ்வளவு சின்ன இடத்தில் டாங்கி எது, ராக்கெட் வண்டி எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றே வரைந்திருக்கிறார்கள். 2023இல் வந்த மறு உருவாக்கத்திலும் அந்தத் தெளிவு போகவில்லை. கணக்கும் அப்படியே எளிமை. ஒரு ஊரைப் பிடிக்க 20 புள்ளி. முழு பலமுள்ள காலாட்படை ஒரு முறைக்கு 10 எடுக்கும், ஆக இரண்டு முறை. அடிபட்டு 4 ஆகச் சுருங்கிய படை என்றால் ஐந்து முறை நிற்க வேண்டும். மனக்கணக்கிலேயே போர் நடத்தலாம். சின்னத் திரைக்கென்றே பிறந்த ஆட்டங்களுக்கும், மேசைக் கணினியிலிருந்து இறக்கிவைத்த ஆட்டங்களுக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது.

ஃபயர் எம்பளத்தில் சண்டைகள் அருமை. சண்டைக்கு நடுவே மடத்தில் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி, தேநீர் கொடுத்து, பாடம் நடத்தும் பகுதிதான் எனக்கு இழுவை. யாருக்கு எந்தப் பரிசு பிடிக்கும் என்பதை ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு எவன் நினைவில் வைத்திருப்பான்? அக்கா மகன் வைத்திருக்கிறான், அது வேறு கதை.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த ஒரு சூட்சுமம் உண்டு. அடி விழும் வாய்ப்பு 90 சதவீதம் என்று திரையில் காட்டும். உள்ளே ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதில் இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்து முடிவு செய்கிறது, தொடரின் பல பாகங்களில் இப்படித்தான். அதனால் உண்மையான வாய்ப்பு 98 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதேபோல 10 என்று காட்டினால் நிஜத்தில் 2 அளவுக்கு இறங்கிவிடும். 90 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் என்று நம் மனது எடுத்துக்கொள்ளும் அல்லவா, அந்த மனக்கணக்குக்கு ஏற்றபடி எண்ணை வளைத்திருக்கிறார்கள். பொய்தான், ஆனால் ஆடுபவனைக் கோபப்படுத்தாத பொய்.

வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் 'எக்ஸ்காம் 2' கிளப்பும் கோபத்துக்கு, இப்படிப்பட்ட பொய் அங்கே எப்போதும் இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2016இல் வந்த அந்த ஆட்டமும் எளிய நிலைகளில் ரகசியமாக நமக்கு உதவத்தான் செய்கிறது. கடினமான நிலைக்குப் போனால் அந்தத் தயவு போய்விடும். 95 என்று காட்டிவிட்டு, துப்பாக்கி முனை எதிரியின் நெஞ்சிலேயே இருக்க, குண்டு எங்கோ போகும். ரயிலில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

டெக்கில் எக்ஸ்காம் 2 நன்றாகவே ஆட வருகிறது, கன்ட்ரோலர் அமைப்பும் சரியாக இருக்கிறது. ஆனால் நினைவுச் சோதனையில் இது நடுத்தரம். சண்டை நடுவில் எழுப்பினால் யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்பது தெரியும், ஏன் அங்கே அனுப்பினேன் என்பது தெரியாது. இருட்டுக்குள் போய் மறைந்த எதிரிக் கூட்டம் எந்தப் பக்கம் போனது என்பதையும் ஆட்டம் சொல்லாது. இதற்கு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் முறையின் பாதியில் ஒருபோதும் மூடுவதில்லை. எதிரி ஆடி முடித்து, என் முறை மறுபடி தொடங்கும் புள்ளியில்தான் தூங்கவைப்பேன். முடிந்தால் சண்டையையே முடித்துவிட்டு. இறங்க வேண்டிய நிலையம் நெருங்கும்போது இது எப்போதும் நடப்பதில்லை.

அப்புறம், ஒரு நாகரிகத்தைப் பழங்காலத்திலிருந்து வளர்த்துக்கொண்டு போகும் 'சிவிலைசேஷன் 6'. பலரும் இதற்காகவே டெக் வாங்க நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. முதல் குறை எழுத்து. மேசையில் பெரிய திரையில் படிக்கவென்று செய்த அறிவிப்புகள் 7 அங்குலத்தில் எறும்பாக ஊர்கின்றன. ஸ்டீம் பட்டனையும் எல்1 பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பூதக்கண்ணாடி வரும், பல நாள் தெரியாமலே இருந்தேன். இரண்டாவது குறை, பிற்பகுதியில் மற்ற நாடுகள் எல்லாம் தம் முறையை ஆடி முடிக்கும்வரை காத்திருப்பது. பெரிய வரைபடமும் நிறைய நாடுகளும் வைத்தால், காத்திருக்கும் நேரத்தில் எழுந்து போய்த் துணி காயப்போட்டு வரலாம். நான் இப்போது சின்ன வரைபடம், ஆன்லைன் வேகம் என்றுதான் தொடங்குகிறேன். சாதாரண வேகத்தில் 500 முறைகள் போகும் ஆட்டம் அதில் 250இல் முடிந்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், இந்த ஆட்டத்தில் பாதி ஆட்டம் நம் தலைக்குள் நடக்கிறது. இந்த ஆற்றங்கரையில் பின்னால் தொழிற்பேட்டை வைக்க வேண்டும், அந்த மலையடியில் கோயில் வளாகம், அதனால் இங்கே வயல் போடக்கூடாது என்று மனதில் வரைந்துவைத்த ஊரெல்லாம் நாலு நாள் இடைவெளியில் அழிந்துபோகும். இதற்கு மருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வரைபடத்தில் குறியூசி குத்தி அதில் குறிப்பு எழுதலாம். ஸ்டீம் பட்டனோடு எக்ஸ் பட்டனை அழுத்தினால் எழுத்துப் பலகை வரும். மூடுவதற்கு முன் இரண்டு ஊசி: எங்கே எது வரப்போகிறது, யார்மேல் எப்போது படையெடுப்பு. கணினியில் ஆடியபோது நான் ஊசியைத் தொட்டதே இல்லை.

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2019இல் வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஓர் உலக அதிசயமாக இருக்கிறது. கட்டி முடித்தால் குருமார்கள் கிடைப்பார்கள். மத வெற்றிக்குப் போகாத ஆட்டத்தில் அதனால் பெரிய பலன் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கட்டிவிடுகிறேன். 2025இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களே ஒரு நாகரிகமாக வந்திருக்கிறார்கள், அதற்காகவே அது விலை குறையக் காத்திருக்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் டர்ன் பேஸ்டு ஆடுபவர்களுக்கு யோகம். மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் ஃபிரேமை 30க்கு இறக்கி, சிப்புக்குப் போகும் மின்சாரத்தையும் 15 வாட்டிலிருந்து குறைத்துவைக்கலாம். ஓடிச் சுடும் ஆட்டத்தில் இப்படிச் செய்தால் கை தடுமாறும், இங்கே ஒன்றும் ஆகாது. இந்த மாடலின் 40 வாட்-மணி பேட்டரியில் இன்டு த பிரீச் ஐந்து மணிநேரத்துக்கு மேல் தாங்குகிறது, சிவ் 6 அதில் பாதிதான். மின்விசிறியின் சத்தமும் அடங்கிவிடும். எடைதான் தீர்வில்லாத பிரச்சினை. படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வைப்பதே நல்லது. 2023இல் வந்த ஓஎல்இடி மாடல் கொஞ்சம் எடை குறைவு, 7.4 அங்குலத் திரை, பேட்டரியும் 50 வாட்-மணி. இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன், பேட்டரிக்காக அல்ல, எழுத்துக்காக.

உங்களுக்குப் பிடித்த வியூக ஆட்டம் அந்தத் திரைக்குச் சரிவருமா என்று சந்தேகமாக இருந்தால், ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தில் எழுத்தைப் படிக்க முடிகிறதா, பட்டன்கள் பழகுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சிவ் 6இல் அந்த இரண்டு மணிநேரத்தில் பழங்காலத்தைத் தாண்டியிருக்கவே மாட்டீர்கள், பிற்பகுதியின் காத்திருப்பு அதில் தெரியாது. அதற்கு உங்கள் கணினியில் பழைய சேவ் ஏதாவது இருந்தால், கிளவுட் வழியாக டெக்கில் இறக்கி 200ஆவது முறையைத் திறந்து பாருங்கள்.