கோடை வகுப்பெல்லாம் முடிந்த பிறகு தஞ்சாவூரில் நான்கு வாரம்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நான்கு வாரம். மே கடைசியில் ஆரம்பித்து ஜூன் கடைசியில் முடியும். ஊரிலோ கோடை விடுமுறை மே மாதத்தோடு சரி. பையனை மிருதங்கப் பயிற்சிக்காகத் தஞ்சாவூர் கூட்டிப்போன நாங்கள் இதை டிக்கெட் போடுவதற்கு முன் யோசித்திருந்தால் எங்களுக்கு முதல் வாரம் வீணாகியிருக்காது. கோடைக்கால இசைப் பயிற்சி என்று ஊரில் நடப்பவை பெரும்பாலும் ஏப்ரல், மேயிலேயே முடிந்துவிடும். நாம் போய் இறங்கும்போது அங்கே பிள்ளைகள் புது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஜூனில் ‘கோடை முகாம்’ என்று விளம்பரம் வந்தால் அது நம்மைப் போன்றவர்களுக்காக நடத்துவது, கட்டணமும் நமக்கென்றே வைத்தது.

பையனுக்குப் பதினொரு வயது, மூன்று வருடமாக மிருதங்கம் கற்கிறான். மாமியார் வீடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் இருப்பதால் தங்குவதற்குக் கவலையில்லை. 2025 ஜூன் முதல் தேதி திருச்சிக்கு நேரடி விமானம், நாலு மணி நேரச் சொச்சம். மிருதங்கத்தைத் துண்டு, தலையணை எல்லாம் சுற்றிப் பையில் வைத்து எடை போட்டால் 14 கிலோ. மலிவு விமானத்தில் இதற்கு முன்கூட்டியே பெட்டி எடை வாங்கிவிடுங்கள், கவுண்டரில் போய் வாங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். திருச்சி புது முனையம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, பழைய கட்டடத்தில் வரிசையில் நின்று வெந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அங்கிருந்து வாடகைக் காரில் ஒரு மணி நேரத்தில் வீடு.

அவனை முதலில் சேர்த்தது அப்படி ஒரு ஜூன் முகாமில்தான், அதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஏசி ஹால், இருபத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு மைக், ஆளுக்கொரு டீ ஷர்ட், கடைசி நாளில் சான்றிதழ். எல்லாருக்கும் ‘தத் தித் தொம் நம்’மிலிருந்து ஆரம்பம். இவன் அதை மூன்று வருடத்துக்கு முன்பே முடித்தவன். கேட்டதற்கு, “எல்லாரையும் ஒரே லெவலுக்குக் கொண்டு வரணும் சார்” என்றார்கள். ஐந்தாம் நாள் பையன் டீ ஷர்ட்டைப் போட மாட்டேன் என்றான். மீதிப் பணம் கேட்டேன், திருப்பித் தருவதில்லையாம், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் தப்பு, படிக்கவில்லை.

அப்புறம் மாமியார்தான், பக்கத்து வீட்டில் சொல்லி வைத்து, மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில் பக்கம் இருக்கும் ஒரு வாத்தியாரைப் பிடித்தார். இங்கேதான் நான் கணக்குப் போடாத ஒரு லாபம். பள்ளி திறந்துவிட்டதால் உள்ளூர்ப் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள், அவருக்குக் காலை முழுக்க ஓய்வு. ஏப்ரலில் போயிருந்தால் திண்ணை கொள்ளாத கூட்டத்தில் பத்து நிமிஷம் கிடைத்திருக்கும். எங்களுக்குத் தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை, ஒற்றை மாணவன். என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு “முதல்ல உட்காரட்டும், பார்ப்போம்” என்றவர், மூன்றாம் நாள் ஒரு வகுப்புக்கு 500 ரூபாய் என்றார். முகாமுக்குக் கொடுத்ததை நினைத்து வயிறு எரிந்தது.

இரண்டு நாள் மிருதங்கப் பையின் ஜிப்பைத் திறக்கவே விடவில்லை. மிருதங்கச் சொற்களை வாயால் சொல்வது, கையில் தாளம் போடுவது, அவ்வளவுதான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரே தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் கற்றுக்கொள்ள இந்த ஊருக்கு வந்தவர்தான் என்று பெருமையாகச் சொல்லிப் பையனைத் தேற்றப் பார்த்தேன். அவன் யூடியூபில் தேடிக் கேட்டுவிட்டு “ரொம்ப ஃபாஸ்ட்பா” என்றான்.

மூன்றாம் நாள் பையைத் திறந்து வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில், ஒரு தட்டுத் தட்டிய வாத்தியார் முகத்தைச் சுளித்தார். “மழையில நனைஞ்ச பானை மாதிரி பேசுது. ரிப்பேருக்குக் கொண்டுபோங்க.” அவர் சொன்ன பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, டீக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இருந்த அண்ணன் எடுத்ததும் கேட்டது, “ஏசியில கிடந்துச்சா?”

பழைய சாதத்தைச் சுரண்டி எடுத்தார். வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குத்தான் சாதம் என்று பெயர், அதில் உண்மையாகவே சோறு இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். குழைந்த சோற்றையும் கிட்டக்கல் என்ற கறுப்புக் கல்லின் பொடியையும் சேர்த்துக் கையால் பிசைகிறார். அதில் சுண்டைக்காய் அளவு எடுத்து, கட்டைவிரலால் தோலில் தேய்த்துப் பரப்புகிறார், வழவழப்பான ஒரு கல்லால் காயும்வரை அழுத்தித் தேய்க்கிறார், ஒரு தட்டுத் தட்டிக் கேட்கிறார், மறுபடி சுண்டைக்காய். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் கொஞ்சம் சிறியதாகிறது. தேய்க்கத் தேய்க்க மேலே மயிரிழை போல வெடிப்பு விழுகிறது, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன், அந்த வெடிப்பு விழுந்தால்தான் நாதம் வருமாம். மூன்று மணி நேரம் ஆனது. பையன் போனைக் கேட்கவில்லை. நடுவில் அண்ணன் தட்டிக் காட்டி “தம்பி, இப்ப எப்படி?” என்று கேட்க ஆரம்பித்தார், இவனும் “இன்னும் கொஞ்சம்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். தோல் வார் இழுத்து, கட்டையை வைத்துக் கல்லால் தட்டிச் சுருதி சேர்த்தது வரை எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்.

பணம் கொடுப்பதில்தான் மானம் போனது. சந்துக்குள்ளும் கியூஆர் அட்டை தொங்குகிறது, என் சிங்கப்பூர் கார்டு அங்கே வெறும் பிளாஸ்டிக். என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர் போன் எண்ணிலேயே யூபிஐ போட்டுக்கொள்ளலாம், ஆனால் வங்கியில் அந்த எண் பதிவாகியிருக்க வேண்டும், கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் வந்து, மூன்று முறை வங்கிக் கிளைக்கு அலைந்தேன், ஒவ்வொரு முறையும் வேறு ஒரு படிவம். அதுவரைக்கும் ஏடிஎம்தான். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் ஆட்டோக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

இன்னொன்று, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை. எந்தப் பகுதியில் என்றைக்கு என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறார்கள், பார்த்துக்கொண்டால் போதும். நாங்கள் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது, வாத்தியார் துண்டால் விசிறிக்கொண்டே பாடத்தை நிறுத்தாமல் ஒன்பதே முக்காலுக்குத்தான் விட்டார்.

ஜூன் 22 ஞாயிறு, திருவையாறு போனோம். பதின்மூன்று கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸே போகும். மேட்டூரில் 12-ஆம் தேதி திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி வந்து காவிரியில் ஓடிக்கொண்டிருந்தது. தியாகராஜர் சமாதியில் அந்தக் காலை நேரத்தில் எங்களைத் தவிர நாலு பேர்கூட இல்லை. இந்தக் கோயிலைக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற பெண்மணி, இங்கே ஆண்டுதோறும் தியாகராஜருக்கு நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட முடியாமல் இருந்த காலத்தில் விடாமல் நின்று சண்டை போட்டவர் என்று பையனிடம் சொன்னேன். அவர் சமாதியும் எதிரிலேயே இருக்கிறது. அவன் படித்துறையில் உட்கார்ந்து தொடையில் மோரா என்ற தாளக் கோர்வையைத் தட்டிக்கொண்டிருந்தான், எவ்வளவு காதில் விழுந்ததோ. திரும்பும்போது அசோகா அல்வா வாங்கினோம். வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தருகிறார்கள், பாசிப்பருப்பு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விரலெல்லாம் நெய்.

கிளம்புவதற்கு முதல் நாள் பட்டறைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தும் அறையில் மட்டும் வைக்கக் கூடாது, தோல் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து கெட்டுவிடும் என்று அந்த அண்ணன் பையனிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. சிங்கப்பூரில் இப்போது மிருதங்கம் ஹாலில் இருக்கிறது. ஹாலில் ஏசி போட்டால் பையன் எழுந்து வந்து அணைத்துவிடுகிறான். வீட்டில் இதற்குத் தினமும் சண்டை நடக்கிறது.