ஏசி மெக்கானிக் ஆக்குகிறோம் என்று சொல்லி என் பெயரில் கடன் போட்டார்கள்

பெங்களூரில் மூட்டை, சென்ட்ரிங், பெயிண்ட் என்று உடம்பை நம்பிப் பிழைக்கிற நம்ம ஆட்கள் இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத நாலு பேருக்கும் சொல்லுங்கள். '45 நாளில் ஏசி மெக்கானிக், 100% வேலை உத்தரவாதம், அரசு சான்றிதழ்' என்று தமிழிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பிரயோசனம் இருக்காது, இந்த மாதிரி இடங்கள் போர்டை மாற்றிக்கொண்டே இருக்கும். அவர்கள் பணம் எடுக்கிற முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம். யஷ்வந்த்பூர் ஏபிஎம்சி யார்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் ஹமாலி வேலை. கூலி மோசம் என்று சொல்ல மாட்டேன், சீசனில் நன்றாகவே கிடைக்கும். ஆனால் பத்து வருஷம் தூக்கினவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் ஒரே மூட்டை, ஒரே கூலி. ஏசி வேலையும் கையால் செய்கிற வேலைதான். ஆனால் அதில் வருஷம் ஏற ஏற ஆளுக்கு மதிப்பும் ஏறும். அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

சேர்க்கை மேஜையில் இருந்த பெண் தமிழ். "அண்ணா, எந்த ஊரு நீங்க? போளூரா! எங்க பாட்டி ஊரு ஆரணி" என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. ஃபீஸ் 48,000 ரூபாய். "மொத்தமா வேணாம்ணா. மாசம் நாலாயிரம் கட்டினா போதும், வட்டியே கிடையாது. வேலைக்குப் போய் சம்பளத்துல கட்டிக்கலாம்" என்றார். ஆதார், பான், பாஸ்புக் வாங்கினார். என் போனையே வாங்கி ஒரு செல்ஃபி எடுத்தார். ஓடிபி வந்தது. "இது அட்மிஷன் ஓடிபிண்ணா" என்று அவரே பார்த்து அடித்துக்கொண்டார். திரையில் ஆங்கிலத்தில் என்னென்னவோ வந்தது, அவர் கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார்.

அது அட்மிஷன் ஓடிபி இல்லை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் 48,000 கடனுக்கு நான் கொடுத்த சம்மதம். முழுப் பணமும் அந்த வாரமே நிலையத்தின் கணக்குக்குப் போய்விட்டது. அடுத்த மாதத்திலிருந்து என் கணக்கில் தானாகப் பிடித்தம். வட்டி இல்லை என்று சொன்னதிலும் ஒரு சூது இருக்கிறது. ஃபைனான்ஸ்காரனுக்கு வட்டியை நிலையம் கொடுத்துவிடும், அந்த வட்டியை நம்ம ஃபீஸில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கும். பணம் முழுசாகக் கைக்கு வந்த பிறகு அவர்களுக்கு நாம் கற்றால் என்ன, கற்காவிட்டால் என்ன? மாதா மாதம் அவர்களிடம் நேராகக் கட்டினால், பிடிக்காதபோது நிறுத்திவிட்டு வந்துவிடலாம். இதில் அந்தப் பிடியே நம்மிடம் இல்லை.

செயலி வழியாகக் கொடுக்கிற கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. கடன் விவரத்தை ஒரே தாளில் தெளிவாகக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அபராதம் இல்லாமல் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் மட்டும் கொடுத்து விலகிக்கொள்ளவும் சில நாள் அவகாசம் தர வேண்டும். எனக்கு அந்தத் தாள் ஆங்கிலத்தில் மெயிலுக்கு வந்திருக்கிறது. மெயில் ஐடியே அந்தப் பெண் அன்றைக்கு ஆரம்பித்துக் கொடுத்ததுதான்.

வகுப்பில் ஒரு விண்டோ ஏசி, கம்ப்ரசர் எரிந்துபோன ஒரு ஸ்பிளிட். மாடலைப் பார்த்தால் இரண்டுமே பழைய ஆர்22 கேஸ் காலத்துப் பெட்டிகள். இன்று கடையில் விற்கிற புது ஸ்பிளிட்டில் பெரும்பாலும் ஆர்32. அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், உள்ளே கேஸ் இருக்கும்போது பைப் ஒட்டுகிற தீ டார்ச்சை வைத்தால் ஆபத்து. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. பைப்பில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்யூம் பம்ப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. "கொஞ்சம் கேஸை விட்டுக் காத்தைத் தள்ளிட்டா போதும்" என்றார் வாத்தியார். பைப்புக்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மீதி நேரமெல்லாம் டிவியில் வீடியோ.

இப்போது ஸ்ரீராமபுரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனோடு ஹெல்ப்பராகப் போகிறேன். அவர் முதல் நாள் கொடுத்தது ஒரு முழம் காப்பர் பைப். கட்டரை மெதுவாகச் சுற்றி வெட்ட வேண்டும். உள்விளிம்பில் நிற்கிற பிசிறை ரீமரால் எடுக்கும்போது பைப்பின் வாய் கீழே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செம்புத்தூள் உள்ளே விழும். பைப்பை யூனிட்டோடு இணைக்கிற ஃப்ளேர் நட்டை முதலில் மாட்டிவிட்டுத்தான் வாயை விரிக்க வேண்டும். மறந்தால் வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. விரித்த வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் வெட்டிப் போட்டுவிடுவார். "டேய் தம்பி, இது லீக் ஆனா மூணு மாசம் கழிச்சு வீட்டுக்காரம்மா எனக்குத்தான் போன் பண்ணும்." அந்த 45 நாளில், பைப் வாயை விரிக்கிற ஃப்ளேரிங் டூல் என் கைக்கு வந்தது, படம் எடுக்கத்தான். சான்றிதழ் விழா போட்டோவில் நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வேலை உத்தரவாதத்துக்கு வருவோம். கடிதத்தில் டெக்னீஷியன் என்று இருந்தது. போன இடம் ஏசி மாட்டுகிற ஒரு சப்-கான்ட்ராக்டர். லிஃப்ட் இல்லாத வீடுகளில் அவுட்டோர் யூனிட்டை மாடிக்கு ஏற்றுவதுதான் வேலை. ஒன்றரை டன் யூனிட் ஒன்று முப்பது கிலோ வாக்கில் இருக்கும். ஸ்பானரைத் தொட்டால், "நீ லோடுக்கு வந்த ஆளு, அதைப் பாரு" என்பார்கள். மண்டியில் தூக்கியதற்குக் கிடைத்ததைவிடக் கூலி கம்மி. நிலையத்தில் போய்க் கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். அதில் 'வேலைவாய்ப்பு உதவி' என்றுதான் இருக்கிறது, ஒரு இன்டர்வியூவுக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் கடமை முடிந்ததாம்.

அரசு சான்றிதழ் என்றால் உடனே அசந்துவிடாதீர்கள். மத்திய அரசின் பிஎம்கேவிஒய் என்கிற தொழில் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி இலவசம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது ஃபீஸ் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம். குடும்பத்தை வைத்துக்கொண்டு அது நம்மால் ஆகாது, நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு வருஷச் சான்றிதழுக்குச் சமம் என்று 45 நாள் தாளைக் காட்டுகிறவனை நம்பக்கூடாது. ருட்செட்டி என்று 1982-இல் கர்நாடகாவின் உஜிரேயில் ஆரம்பித்த அமைப்பு ஒன்று இருக்கிறது. தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து இலவசமாகத் தொழில் சொல்லித்தருகிறார்கள். நம்ம பக்கத்தில் நெலமங்கலாவிலேயே அவர்கள் மையம் இருக்கிறது. எந்தத் தொழிலுக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

பணம் கட்டித்தான் சேர்வது என்றால், வகுப்பு நடக்கும்போது போய்ப் பாருங்கள். மாணவர்கள் கையில் என்ன இருக்கிறது, பென்சிலா டார்ச்சா என்று கவனியுங்கள். மூலையில் நிற்கிற கேஸ் சிலிண்டரை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். காலியா நிறைந்ததா என்பது நமக்குத் தெரியாததா! நான் படித்த இடத்தில் எல்லாமே காலி. முக்கியமாக, போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்த வேண்டாம். பவுன்ஸ் கட்டணம் ஏறும், கடன் மதிப்பெண்ணான சிபில் கெடும், நாளைக்கு வண்டிக் கடன்கூடக் கிடைக்காது. முதலில் நிலையத்துக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448. நிலையத்தின் மேல் புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகணும் என்பதும் இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

1915-இல் பதிந்த பிறகு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பத்தாயிரம் திருப்பித் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடு என்றார்கள். கையெழுத்துப் போடவில்லை. தவணை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என்னோடு படித்த யாராவது இதைப் பார்த்தால், அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'வட்டி இல்லை, வேலை உறுதி' மெசேஜையும் வாய்ஸ் நோட்டையும் அழிக்காதீர்கள். நான் போன் மாற்றினபோது என்னுடையது போய்விட்டது, ஆணையத்துக்குப் போவதற்கு முன் அது வேண்டும்.