எதிர்ப் பத்தி வெறுமையாக இருந்தபோது: உளவியலும் கிறிஸ்தவ ஆலோசனையும்

11 ஆண்டுகள் மதம் சாராத உளவியல் ஆலோசகராக இருந்தேன். 3 ஆண்டுகளாகக் கிறிஸ்தவ ஆலோசனை செய்கிறேன். இரண்டில் எது நல்லது என்று இரு தரப்பிலும் கேட்கிறார்கள். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது மாறியதிலேயே தெரிந்துவிடும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காதுகொடுத்துக் கேட்பதும் ரகசியம் காப்பதும் இரண்டுக்கும் பொது. நிபந்தனையற்ற ஏற்பை வலியுறுத்திய கார்ல் ரோஜர்ஸே உளவியலுக்கு வருமுன் இறையியல் படித்தவர்தான். பயிற்சியிலும் மேற்பார்வையிலும் உளவியல் தெளிவாக முன்னால் நிற்கிறது. எங்கள் பக்கத்தில், வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பதே தகுதி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையான வருத்தம்.

என்னை மாற்றியது குற்ற உணர்வு என்ற ஒரே விஷயம்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் எண்ணப் பதிவுத் தாள் உண்டு. மனதை வதைக்கும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவான சான்றுகளை ஒரு பத்தியிலும் எதிரான சான்றுகளை அடுத்த பத்தியிலும் நிரப்ப வேண்டும். ஊதிப் பெருத்த எண்ணம் இதில் தானாகச் சுருங்கிவிடும். இன்றும் இந்தத் தாளைக் கொடுக்கிறேன்.

ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) முதல் பத்தியில் ஒரே வரி எழுதினார்: "அம்மா சாகக் கிடக்கும்போது கூப்பிட்டார்கள். வேண்டுமென்றே போகவில்லை." அடுத்த பத்தி வெறுமையாகவே இருந்தது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அம்மாவுக்குச் செஞ்சத மன்னிக்க நான் யாரு சார்?" என்றார்.

அவருடைய எண்ணத்தில் திரிபு ஏதுமில்லை. திருத்த வேண்டிய எண்ணமாக நான்தான் அதைக் கையாண்டுகொண்டிருந்தேன். போரிலிருந்து திரும்பியவர்களின் மனசாட்சிக் காயத்தைப் பற்றி உளவியலாளர்களும் எழுதுகிறார்கள். ஆனால் மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு என் பழைய பயிற்சியில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கிறிஸ்தவ ஆலோசனையில் தவறைத் தவறு என்றே சொல்லலாம், சொன்னவரைத் தள்ளிவிடாமல். "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்கிறது வேதாகமத்தின் 32-ஆம் சங்கீதம். அறிக்கையிடுவதும் மன்னிக்கப்படுவதும் அதற்குப் பிறகு வருகின்றன. உயிரோடு இருப்பவருக்குச் செய்த அநியாயம் என்றால், வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு 'நாலத்தனையாக' (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுக்க முன்வந்ததுபோல ஈடு செய்ய வேண்டும். அம்மா போய்விட்டால் ஈடு செய்ய வழியில்லை. அப்போதும் மன்னிப்புக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருக்கு அழ ஓர் இடம் கிடைக்கிறது. என் அறையில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இதே மருந்து சிலருக்கு விஷமாகவும் ஆகும். பாவம் செய்துவிட்டோமோ என்ற சந்தேகம் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) முற்றியவருக்கு, ஒவ்வொரு பாவ அறிக்கையும் நோய்க்குத் தீனி. ஐந்து நிமிட நிம்மதி, பிறகு மறுபடி அதே சந்தேகம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது தன் மூத்த துறவி ஸ்டௌபிட்ஸிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தது நினைவுக்கு வரும். இவர்களுக்கு உளவியல் தரும் முறைதான் சரி: சந்தேகத்தை அப்படியே இருக்கவிட்டு, அறிக்கை செய்யும் உந்துதலுக்கு இணங்காமல் பழகுவது. குரல்கள் கேட்பவருக்கும் தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும் மனநல மருத்துவர் கட்டாயம் வேண்டும். ஜெபமும் உடன் இருக்கலாம், மருந்துக்குப் பதிலாக அல்ல.

கிறிஸ்தவ ஆலோசனைக்குள்ளேயே பிளவு உண்டு. 1970-இல் அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் உளவியலைப் பெரிதும் ஒதுக்கி, வேதத்தைக் கொண்டு கண்டித்துத் திருத்தும் வழியை முன்வைத்தார். நான் இரண்டையும் சேர்ப்பவர்கள் பக்கம். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவை தேவதூதன் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான்.

தம்பதியர் விஷயத்தில் இந்தப் பக்கத்தில் எனக்கு அனுபவம் குறைவு. குழந்தைகளை இன்னும் பார்க்கவேயில்லை. அவர்களுக்கு எது மேல் என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதும் இல்லை. முதல் சந்திப்பில் தரும் படிவத்தில் ஜெபம் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். 'வேண்டாம்' என்று குறித்தவரிடம், அவராகக் கேட்கும்வரை வசனம் எதுவும் சொல்வதில்லை.